ஜனவரியில் வங்கக்கடல் மேல் புகைமூட்டம், ஜூலையில் அரபிக்கடல் மேல் தூசி: காற்றின் வேகம் மட்டும்தான் காரணமா?

வடகரைவானம் எழுதியது:

மோடிஸ் சாட்டிலைட் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஜனவரி, பிப்ரவரி படங்களில் கங்கைச் சமவெளியில் தேங்கிக் கிடக்கும் சாம்பல் மூட்டம் வங்காளதேசக் கரையோடு நிற்பதில்லை. கடல் மேல் இறங்கித் தெற்கே வெகுதூரம் போகிறது. ஜூலைப் படங்களில் மேகம் விலகிய இடங்களில் பார்த்தால் வங்கக்கடலின் மேல் அந்த மூட்டம் இல்லை. ஆனால் ஓமன், ஏமன் பக்கமிருந்து அரபிக்கடல் மேல் வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று தெரிகிறது.

எனக்கு இரண்டு கேள்விகள். தென்மேற்குப் பருவக்காற்று வடகிழக்கைவிட எவ்வளவோ வேகமானது. வேகமாக வீசுகிற காற்றுதானே அதிகமாகச் சுமந்து போக வேண்டும்? மெல்ல வீசும் குளிர்காலத்தில் ஏன் மூட்டம் அதிகம்? அடுத்தது, வடகிழக்குப் பருவம் என்றாலே நமக்கு மழைதான். அந்த மழை இதையெல்லாம் கழுவிவிடாதா? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

தூசித்துகள் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் மழையை எடுத்துக்கொள்வோம், சிக்கல் அங்கேதான் அவிழ்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதுவும் வங்கக்கடலின் தென்பகுதியில்தான் அதிகம். அந்த மாதங்களில் தெற்கே போகும் துகள்களில் பெரும்பங்கை மழை பிடித்துக் கீழே இறக்கிவிடும். ஆனால் ஜனவரி பிறந்த பிறகும் காற்று வடகிழக்கிலிருந்துதான் வீசுகிறது. மழை மட்டும் நின்றுவிடுகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வட இந்தியப் பெருங்கடல் மேல் துகளைக் கழுவ ஆளில்லை. இரண்டு அரைக்கோளங்களின் காற்றும் வந்து சந்திக்கும் மழைப்பட்டை அப்போது பூமத்தியரேகைக்குத் தெற்கே இருக்கும். அதுவரை வழி திறந்தே கிடக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மழை இல்லாத காற்றில் நுண்துகள் சுமார் ஒரு வாரம் மிதக்கும். காற்று நொடிக்கு 5 மீட்டர், அதாவது மென்காற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். 7 நாளில் 3,000 கி.மீ. கங்கை முகத்துவாரத்திலிருந்து பூமத்தியரேகை சுமார் 2,400 கி.மீ. தான். ஆக, போய்ச் சேர வேகம் தேவையே இல்லை. வழியில் மழை குறுக்கே வராமல் இருந்தால் போதும். ஜூலையில் காற்றின் வேகம் மூன்று மடங்கு இருக்கலாம். ஆனால் அது கடலிலிருந்து நிலத்துக்கு வரும் காற்று, வழியெல்லாம் மழை. அது சுமந்து வருவது பெரும்பாலும் அலை நுரையிலிருந்து கிளம்பிய உப்பு.

துகளின் அளவும் முக்கியம். 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று) மண்துகள் அசையாத காற்றில் ஒரு நாளைக்கு சுமார் 700 மீட்டர் இறங்கும். 1 மைக்ரான் துகள் ஒரு நாளைக்கு சுமார் 7, 8 மீட்டர்தான் இறங்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் ஏறத்தாழ நூறில் ஒன்றாகிவிடும். அடுப்புப் புகை, டீசல் கரி, சல்பேட் எல்லாமே 1 மைக்ரானுக்கும் கீழே. இவற்றைப் புவியீர்ப்பு இறக்காது, மழைதான் இறக்க வேண்டும். அதனால்தான் குளிர்காலக் கடலின் மேல் இவை இவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கின்றன.

---

மாலுமி தேவா எழுதியது:

கணக்கைப் படித்ததும் கப்பலில் இருந்து பார்த்ததைச் சொல்லத் தோன்றியது. ஜனவரியில் வங்கக்கடலின் வடபாதியில் வாட்ச் (முறைக் காவல்) நிற்பவர்களுக்கு இந்த மூட்டம் நன்றாகத் தெரியும். பனிமூட்டம் இல்லை, ஈரமும் இல்லை, ஆனால் அடிவானக் கோடே இருக்காது. கடலும் வானமும் ஒரே பழுப்புச் சாம்பலில் கலந்துவிடும். மாலையில் சூரியன் கடலைத் தொடுவதற்கு வெகு முன்பே, கண் கூசாமல் பார்க்கக்கூடிய செந்தட்டாகி, அப்படியே மங்கி மறைந்துவிடும். செக்ஸ்டன்ட் என்ற கோணமானியில் சூரியனின் உயரம் எடுக்க அடிவானக் கோடு வேண்டுமே, அது கிடைக்காது.

அதே மாதத்தில் பூமத்தியரேகையைத் தாண்டித் தெற்கே போகும்போது ஒரு மழைப்பட்டை வரும். இடி, கொட்டும் மழை. அதைக் கடந்து வெளியே வந்தால் அடிவானம் கத்தியால் கீறிய மாதிரி நிற்கும், வானம் கரு நீலம். ஒரு நாள் ஓட்டத்தில் இந்த மாற்றம் வந்துவிடும். நீங்கள் சொல்லும் மழைப்பட்டை அதுதான் என்று நினைக்கிறேன்.

கோடையில் செங்கடலின் தென்பாதியில் கதையே வேறு. சூடான் கரையில் டோக்கர் டெல்டா என்று ஒரு இடம். மலையிடுக்கு வழியாக வரும் மேற்குக் காற்று அங்கிருந்து மண்ணை அள்ளி நேராகக் கடல் மேல் கொட்டும். பிரிட்ஜ் விங் (கப்பல் ஓட்டும் அறையின் பக்கத்துத் திறந்த தளம்) கைப்பிடியில் உப்பு ஈரம் எப்போதும் இருக்கும், அதன் மேல் தூசி விழுந்து செம்பழுப்புப் பசையாக ஒட்டிக்கொள்ளும். கையால் தேய்த்தால் மாவு மாதிரி நைஸ். மணல் நெருடல் கிடையாது. ஏசி, எஞ்சின் ரூம் காற்று பில்டர்களை அடிக்கடி எடுத்து உதற வேண்டியிருக்கும்.

---

தூசித்துகள் எழுதியது:

தேவா அண்ணா, நீங்கள் சொன்ன அந்த எல்லையைத்தான் 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோஎக்ஸ் (இந்தியப் பெருங்கடல் பரிசோதனை) ஆய்வு அளந்தது. வீ. ராமநாதனும் பால் குருட்சனும் தலைமை விஞ்ஞானிகள். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் ராமநாதன். குருட்சன் ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பெற்றவர். மாலத்தீவில் காஷிதூ என்ற சின்னத் தீவில் ஒரு கண்காணிப்பு நிலையம்; இந்திய ஆய்வுக் கப்பல் சாகர் கன்யா, அமெரிக்கக் கப்பல் ரொனால்ட் ஹெச். பிரவுன், கூடவே விமானங்கள். மழைப்பட்டைக்கு வடக்கே மூட்டம், தெற்கே சுத்தமான காற்று. நடுவில் அந்த மாற்றம் எவ்வளவு சட்டென்று வருகிறது என்பதைக் கருவிகளே காட்டின.

மூட்டம் பரவியிருந்த பரப்பு சுமார் 1 கோடி சதுர கி.மீ. வட இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டத்தை எட்டும் சூரிய ஆற்றல், மேகமில்லாத நேரச் சராசரியில், சதுர மீட்டருக்கு சுமார் 20 வாட் குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதி விண்ணுக்குத் திரும்பிப் போகவில்லை. மூட்டத்தில் இருந்த கரி அதை விழுங்கி அந்தக் காற்றையே சூடாக்கியது. கீழே கடலுக்கு வெயில் குறைவு, நடுவானில் சூடு. இந்த இரட்டை வேலைதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது. துகள்களில் சுமார் 80 சதவீதம் மனிதச் செயல்களால் வந்தவை என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது.

---

செங்கோடன் எழுதியது:

இந்த 80 சதவீதக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். 2002இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஆசியப் பழுப்பு மேகம் என்று பெயர் வைத்தது. விறகடுப்பில் சமைக்கிற ஏழைப் பெண்ணை உலக வெப்பமாதலின் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல் இருந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் நூற்றைம்பது ஆண்டு நிலக்கரி எரித்தபோது அந்தப் புகை அட்லாண்டிக் மேல் போகவில்லையா? எதிர்ப்பு வந்த பிறகு வளிமண்டலப் பழுப்பு மேகங்கள் என்று மாற்றினார்கள். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், புகைத்துகள் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

---

தூசித்துகள் எழுதியது:

நியாயமில்லை. ஒரே தராசில் வைக்கவே கூடாது. ஆனால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்பதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன், செங்கோடன் சார். கரியமில வாயுவை இன்றே நிறுத்தினாலும் ஏற்கெனவே மேலே போனது மேலேயே இருக்கும். கரிப்புகையை நிறுத்தினால் அடுத்த வாரமே கடல் மேல் காற்று தெளியும். நாமே முடிவெடுத்து, நம் காலத்திலேயே பலனைப் பார்க்கக்கூடிய விஷயம் இது. அந்த அடுப்புப் புகையை முதலில் மூச்சில் இழுப்பவள் நீங்கள் சொன்ன அந்தப் பெண்தான். கடல் அதற்கு அடுத்தபடி.

யார் எவ்வளவு என்பதற்கு நேரடிச் சோதனையும் நடந்தது. நிலக்கரி, டீசல் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு பழையவை. அவற்றில் கார்பன் 14, அதாவது காலப்போக்கில் தானே சிதைந்துபோகும் கதிரியக்கக் கார்பன், மிச்சமே இருக்காது. விறகு, வைக்கோல், சாணம் நேற்று வளர்ந்தவை, அவற்றில் இருக்கும். மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலும் மகாராஷ்டிராவின் சிங்கட் மலையிலும் குளிர்காலத்தில் பிடித்த துகள்களை இப்படிச் சோதித்து 2009இல் குஸ்தாஃப்சன் குழு வெளியிட்டது. மொத்தக் கார்பன் துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விறகு, பயிர்க்கழிவு போன்றவற்றிலிருந்து வந்தது. கருங்கரியை மட்டும் பிரித்துப் பார்த்தால், அளக்கும் முறையைப் பொறுத்துப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு வரை. ஆக அடுப்பு மட்டும் என்பதும் சரியில்லை, ஆலையும் வண்டியும் மட்டும் என்பதும் சரியில்லை.

---

பாலைக்காற்று எழுதியது:

வடகரைவானம் கேட்ட ஜூலைத் தூசி அப்படியே நின்றுவிட்டது, அதற்கு வருகிறேன். வளைகுடாப் பகுதியில் வேலை, ஷமால் காற்று எங்களுக்குப் பழக்கம். ஈராக் பக்கமிருந்து வரும் வடமேற்குக் காற்று அது, ஜூன், ஜூலையில் உச்சம்.

பலரும் கேட்பது இதுதான்: ஜூலையில் அரபிக்கடல் மேல் தென்மேற்குக் காற்று அடித்து ஆடுகிறது. சோமாலியக் கரையை ஒட்டி வரும் அந்தத் தாழ்நிலைக் காற்றோட்டத்தைத்தான் ஃபைண்ட்லேட்டர் என்ற வானிலை ஆய்வாளர் 1969இல் விவரித்தார். அப்படியிருக்க அரேபியத் தூசி எப்படி எதிர்த்து வருகிறது? பதில்: எதிர்த்து வரவில்லை, மேலே ஏறி வருகிறது. பருவக்காற்று குளிர்ந்த, ஈரமான, கனமான காற்று. பாலைவனக் காற்று சூடானது, வறண்டது, லேசானது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாலைக்காற்று பருவக்காற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும். கீழே காற்று தென்மேற்கு, மேலே வடமேற்கு. தூசி மேல்மாடியில் பயணம் செய்கிறது. சூடான காற்று மேலே, குளிர்ந்தது கீழே என்று இருந்தால் இரண்டும் எளிதில் கலக்காது. அதனால் தூசி மெல்ல மெல்லத்தான் கீழே கசியும். சாட்டிலைட் படத்தில் மஞ்சளாகத் தெரியும் அதே இடத்தில், கடல் மட்டத்தில் இருப்பவர் மூச்சில் தூசியே உணராமல் போகலாம்.

---

கயல்விழி எழுதியது:

பாலைக்காற்று சொன்ன மேல்மாடி விஷயம் குளிர்கால மூட்டத்துக்கும் பொருந்தும். மார்ச் வாக்கில் பகல் வெயிலில் நிலத்தின் மேல் காற்று 1, 2 கி.மீ. உயரம் வரை கலங்கிப் புகையை மேலே ஏற்றிவிடும். அந்தக் காற்று கடலுக்கு வரும்போது கீழே குளிர்ந்த மெல்லிய கடல்காற்று அடுக்கு இருக்கும். புகை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய் 1 முதல் 3 கி.மீ. உயரத்தில் தனி அடுக்காக நிற்கும். 2006 மார்ச்சில் மாலத்தீவில் மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு ராமநாதன் குழு அளந்தது. ஒன்று மூட்டத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே. சூரிய ஒளியால் கீழ் வளிமண்டலம் சூடாவதை அந்த மூட்டம் ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருவம் மாறினால் துகளின் முகவரி மாறுவது நம் கடலுக்கு மட்டுமல்ல. சகாராவிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 18 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைக் கடப்பதாக 2007 முதல் 2013 வரையிலான கலிப்ஸோ சாட்டிலைட் லேசர் அளவீடு சொல்கிறது. கோடையில் அது 5, 6 கி.மீ. உயரம் வரை ஏறி, ஒரு வாரத்துக்குள் கரீபியனை எட்டும். பார்படோஸ் தீவில் ஜோசப் பிராஸ்பெரோ 1965 முதல் இதைப் பிடித்து அளந்து வந்தார். குளிர்காலத்தில் ஹர்மட்டான் என்ற வறண்ட வடகிழக்குக் காற்றோடு தாழ்வாக வீசித் தென்மேற்கே இறங்கி அமேசான் பக்கம் போகும். அங்கும் மழைப்பட்டை தெற்கே நகர்வதால்தான் வழி மாறுகிறது. அமேசான் படுகையில் விழும் தூசியோடு ஆண்டுக்கு சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் போய்ச் சேருகிறது. அந்தத் தூசியில் ஒரு பங்கு சாட் நாட்டின் போடேலே பள்ளத்தில் கிளம்புகிறது. ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிய தரை அது. அந்த ஏரியில் வாழ்ந்த டையாட்டம் பாசிகளின் ஓடுகள்தான் இன்று தூசியாகப் பறக்கின்றன. டார்வின் 1832இல் கேப் வெர்டே தீவுகளில் கப்பல் மேல் விழுந்த தூசியைச் சேகரித்து ஏரன்பெர்க் என்ற ஜெர்மன் நுண்ணுயிர் ஆய்வாளருக்கு அனுப்பினார். டார்வின் அனுப்பிய ஐந்து பொட்டலங்களை ஏரன்பெர்க் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 67 வகை நுண்ணுயிர் வடிவங்களைக் கண்டார்.

கடலுயிர் படித்தவள் என்பதால் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நடுக்கடலில் நைட்ரேட் இருந்தும் பாசி வளராத இடங்கள் உண்டு, காரணம் இரும்புப் பற்றாக்குறை. தூசிதான் அங்கே இரும்பு கொண்டுவரும் வண்டி. ஜான் மார்ட்டின் என்ற கடலியல் ஆய்வாளர் இதை 1980களின் இறுதியில் வலியுறுத்தினார். 1993இல் பசிபிக்கில் இரும்பு கரைத்துச் சோதித்தபோது பாசி பெருகியது, அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. தூசி கடலுக்கு உரம் என்பதை இந்த விவாதத்தில் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

---

செங்கோடன் எழுதியது:

கயல் மேடம், அப்படியானால் புகையும் உரம்தானே? கடலுக்கு நல்லதுதானே நடக்கிறது?

---

கயல்விழி எழுதியது:

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1997இல் எல் நினோ வறட்சியில் இந்தோனேசியக் காடுகளும் பீட் சதுப்புகளும் (பாதி மக்கிய தாவரங்கள் சேர்ந்த நிலம்) எரிந்தன. அந்தப் புகை சுமத்ராவுக்கு மேற்கே மென்டவாய் தீவுகளின் மேல் படிந்தது. அங்கே பெரிய செம்பாசிப் பெருக்கம் வந்து பவளத்திட்டுகள் மொத்தமாக மூச்சடைத்துச் செத்தன. புகை கொண்டுவந்த இரும்புதான் அந்தப் பாசியைத் தூண்டியது என்று 2003இல் ஆப்ரம் குழுவின் ஆய்வு முன்வைத்தது. பசித்த கடலில் சிறிது சிறிதாக விழுவது வேறு, ஒரே மாதத்தில் கொட்டுவது வேறு. தூசியில் உள்ள இரும்பில் தண்ணீரில் கரைவதும் மிகச் சிறு பங்குதான். தொழிற்சாலைப் புகையின் அமிலம் பட்டால் அது கூடுகிறது. இயற்கையும் நம் புகையும் இப்படிப் பின்னிக் கிடப்பதால் உரம், விஷம் என்று இரண்டு பெட்டியில் போட்டுப் பிரிக்க முடிவதில்லை.

---

வடகரைவானம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கிறேன். கடலுக்கு வெயில் குறைந்தால் ஆவியாவது குறையும். அப்படியென்றால் நம் பருவமழையே பாதிக்கப்படுமா?

---

தூசித்துகள் எழுதியது:

இதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இரண்டு பார்வை இருக்கிறது. ராமநாதன் குழு 2005இல் சொன்னது: வட இந்தியப் பெருங்கடல் வெயில் குறைந்து, தெற்கோடு ஒப்பிட்டால் சூடேறாமல் பின்தங்குகிறது. பருவக்காற்றை இழுப்பதே வடக்கு தெற்கு வெப்ப வித்தியாசம்தான். அது தளர்ந்தால் காற்று தளரும், மழை குறையும்.

லாவ் குழு 2006இல் வேறு திசையில் யோசித்தது. ஏப்ரல், மே மாதங்களில் இமயமலையின் தென்சரிவில் பாலைத்தூசியும் கரியும் குவிந்து, உயரத்தில் காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று எழும்போது கீழிருந்து ஈரக்காற்றை உறிஞ்சும். அதனால் பருவத் தொடக்கத்தில் வட இந்தியாவில் மழை முந்தி வரவும் கூடவும் செய்யும் என்றது.

இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. ஒன்று குளிர்காலத்திலிருந்தே கடல் மேல் படியும் நிழலைப் பேசுகிறது, மற்றது கோடை முடிவில் மலைச்சரிவில் ஏறும் சூட்டைப் பேசுகிறது. மாதமும் வேறு, உயரமும் வேறு. என்னைக் கேட்டால், துகள் எங்கே போகிறது என்பதோடு எந்த உயரத்தில் போகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வரைபடம் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

---

மாலுமி தேவா எழுதியது:

கடலில் பிடித்த ஒரு துகள் எந்த ஊர் நிலத்திலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உப்பு, மண், புகை எல்லாம் கலந்துதானே வரும்?

---

தூசித்துகள் எழுதியது:

கலந்துதான் வரும், அண்ணா. காற்றை உறிஞ்சும் பம்பில் வெள்ளை குவார்ட்ஸ் பில்டர் வட்டத்தை மாட்டி ஒரு நாள் ஓடவிடுவோம். கப்பலில் என்றால் புகைபோக்கிப் புகை வராதபடி முன்பக்கத்தில், காற்று எதிரே வரும் நேரத்தில் மட்டும். பிப்ரவரியில் எடுத்த பில்டர் கருஞ்சாம்பலாக இருக்கும். விளிம்பில் ரப்பர் வளையம் அழுத்திய இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. தூசிக் காலத்தில் எடுத்தது வெளிர் காவி. மழைக்காலத்தில் நடுக்கடலில் எடுத்ததைப் பயன்படுத்தாத பில்டரின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பதே சிரமம். எடை போட்டால்தான் உப்பு ஏறியிருப்பது தெரியும்.

பிறகு லேபில் வேதிப்பிரிப்பு. சோடியம், குளோரைடு கடல் உப்பு. அலுமினியம் மண். லெவோகுளூக்கோசன் என்ற சர்க்கரைப் பொருள் விறகு, வைக்கோல் எரிந்ததற்கு அடையாளம். செல்லுலோஸ் எரியாமல் அது உண்டாகாது. சல்பேட்டில் கடல் உப்போடு வரும் பங்கைச் சோடியத்தை வைத்துக் கழித்தால் மிச்சத்தில் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய்ப் புகையினுடையது.

ஊர் கண்டுபிடிக்கக் காற்றின் பின்னோக்கிய பாதையைப் போட வேண்டும். வடகரைவானம், நீங்கள் இதை வீட்டிலிருந்தே செய்யலாம். அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவாவின் ஹைஸ்பிளிட் மாடல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூட்டம் தெரிந்த இடத்தின் அட்சம், தீர்க்கம், தேதி கொடுத்து, பின்னோக்கி 120 மணி நேரம் ஓட்டுங்கள். உயரத்தை மட்டும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். 500, 1,500, 3,000 மீட்டர் மூன்றையும் போடுங்கள். ஜூலை அரபிக்கடலில் 500 மீட்டர் பாதை சோமாலியா பக்கமும் 3,000 மீட்டர் பாதை அரேபியா பக்கமும் போகும் நாட்கள் கிடைக்கும். பாலைக்காற்று சொன்ன மேல்மாடி அங்கே கண்ணுக்குத் தெரியும். பாதையோடு மழை அளவையும் வரையச் சொல்லும் வசதி அதில் உண்டு, அதையும் டிக் செய்யுங்கள். நடுவழியில் மழை காட்டினால் அந்தப் பாதையை நம்பிப் புகைக்கு முகவரி எழுத வேண்டாம். ஜனவரிப் படம் ஒன்றுக்கு ஓட்டிப் பார்த்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.